வெங்காய விலையோடு போன பொய்

சிந்தாமணிக்கு நான் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, ஆறு வருஷம். அது பாக்கி என்றே நான் நினைக்கவில்லை. அதுதான் இதில் வெட்கக்கேடு.

அங்கமுத்து யார் என்று பெரம்பலூரில் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதிமூணு வயசில் அடுத்தவர் மண்டியில் காலிச் சாக்கு உதறியவன். இன்றைக்கு துறையூர் ரோட்டில் எனக்கு ரெண்டு வெங்காய மண்டி, அஞ்சு லாரி. சின்ன வெங்காயத்தைக் கையில் உருட்டிப் பார்த்தே எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். நாப்பது மூட்டைக்குக் கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கழித்து, நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கணக்குச் சொல்லுவேன், கால்குலேட்டர் வேண்டாம். வியாபாரிகள் சங்க மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என் வாழ்க்கை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், நானே நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அதனால் சிந்தாமணி வாழ்க்கையை எழுதுகிறேன். அதை நான்தான் எழுதியாக வேண்டும்.

சிந்தாமணி செந்துறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பெரம்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், பொங்கலுக்கு ஒருதரம் ஆடிக்கு ஒருதரம் முகம் காட்டுவான். ஒரே மகள். என் மண்டிக்கு வெங்காயத் தாள் அறுக்க, தரம் பிரிக்க வந்தவள், மூணே வருஷத்தில் பன்னிரண்டு பொம்பளைகளைச் சேர்த்துக் கூட்டி வருகிற ஆளாகிவிட்டாள். சனிக்கிழமை கூலியை மொத்தமாக அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவள் பிரித்துக் கொடுப்பாள். ஒரு ரூபாய்க்குச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

வாய் மட்டும் நீளம். ஒருநாள் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து தராசுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"முதலாளி, தட்டுக்கு அடியில சாக்கு மாட்டியிருக்கு. மூட்டைக்கு ஒன்றரை கிலோ கம்மியாக் காட்டுது."

"உனக்கென்ன புள்ள வந்துச்சு? வெங்காயம் கொண்டாந்த காட்டுக்காரனே சும்மா நிக்கிறான். நீ போயி தாளை அறு."

"இன்னைக்குச் சும்மா நிப்பான். நாளைக்கு அங்கமுத்து தராசு பொய்யின்னு ஊரெல்லாம் சொல்லுவான். அப்புறம் உங்களுக்கு வெங்காயம் வராது, எங்களுக்கு வேலை வராது."

சாக்கை நானே குனிந்து இழுத்துப் போட்டேன். என் தராசு சுத்தம் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறேனே, அந்தப் பேரில் பாதி அவளுடையது. இதை இதுவரைக்கும் நான் எங்கேயும் சொன்னதில்லை.

2019 மார்கழியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒருநாள் காலையில் தலையில் சுற்றிய துண்டை அவிழ்த்தபடி வந்து நின்றாள்.

"முதலாளி, நாலாவது வார்டுக்கு மனு கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மண்டியே சிரித்தது. முதலில் சிரித்தது நான். "மெம்பராயி என்ன பண்ணப் போற? பஞ்சாயத்து ஆபீஸ்ல உக்காந்து தாள் அறுக்கப் போறியா?"

"எங்க தெருக் குழாயில தண்ணி வந்து பதினோரு மாசம் ஆவுது. மெம்பர் வூட்டுக் குழாயில மட்டும் கொட்டுது. அது எப்படின்னு மெம்பராயிப் பார்த்தாத்தானே தெரியும்?"

சீப்பு சின்னம் கொடுத்தார்கள். கொண்டையில் ஒரு சிவப்புச் சீப்பைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பன்னிரண்டு பொம்பளைகளும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள்.

இப்போது என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு போனில் எழுத வராது, பேசத்தான் வரும். என் மகன் செந்தில்குமார் ரெண்டு வாட்ஸப் குரூப் ஆரம்பித்துக் கொடுத்தான், ஐநூறு பேர். தினம் காலை அஞ்சரை மணிக்கு நான் அன்றைய வெங்காய விலையைப் பேசி அனுப்புவேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் காட்டுக்காரன் வெங்காயம் பிடுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வான். கேட்டவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு ரூபாய் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. அந்த மார்கழியில் விலை உச்சத்தில் இருந்தது. ஊரில் சேவல் கூவுவதற்கு முன்னால் என் குரலைக் கேட்டார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். எதிர்த்து நின்றவரின் மச்சான் கிருஷ்ணமூர்த்தி வெங்காய லோடோடு வந்தான். மூட்டை இறங்கும்போது என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணே, நாலாவது வார்டு முடிஞ்சுது. சிந்தாமணி நாப்பதாயிரம் வாங்கிட்டு ஒதுங்கிட்டா" என்றான்.

"சும்மா சொல்லாதடா."

"ரெண்டு நாளா ஆளே ஊர்ல இல்ல பாருங்க. நாளைக்கு ஓட்டை வச்சுக்கிட்டு எவளாவது வெளியூர் போவாளா?"

யோசித்தேன். ஆமாம், அவள் ரெண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. பொம்பளைகள் மட்டும்தான் வந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒருதரம் அமுக்கியிருந்தால் போதும். அமுக்கவில்லை. ஊரில் நடப்பது அங்கமுத்துவுக்குத் தெரியாமல் நடக்காது என்று காட்டுகிற ஆசை எனக்கு.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் காலை அஞ்சரைக்கு விலையைச் சொல்லி முடித்துவிட்டு, அதே மூச்சில் இதையும் சேர்த்தேன்: "நாலாவது வார்டு ஜனங்க கேட்டுக்கோங்க. சிந்தாமணி நாப்பதாயிரம் வாங்கிட்டு விலகியாச்சு. சீட்டுல சீப்பு இருக்கும், ஏமாந்து குத்திடாதீங்க."

ஒன்பது ஓட்டில் தோற்றாள்.

ஓட்டுப் போட்ட மறுநாள் சனிக்கிழமை. பொம்பளைகள் சிந்தாமணி இல்லாத அந்த ரெண்டு நாள் கூலியைக் கேட்டார்கள், அந்த வாரம் வேலை அவ்வளவுதான். தலைக்கு நாளைக்கு இருநூறு, பன்னிரண்டு பேர், நாலாயிரத்து எண்ணூறு. "சிந்தாமணி வரட்டும், எப்பவும் அவகிட்டதானே கொடுக்குறேன்" என்றேன். திங்கட்கிழமை வந்தாள். முகம் கறுத்து, மெலிந்து இருந்தாள். வாசலில் நின்று கூலியைக் கேட்டாள்.

"நாப்பதாயிரம் வாங்கினவளுக்கு என் நாலாயிரம் எதுக்கு?" என்றேன்.

மூட்டை தூக்குகிறவன் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். வெடுக்கென்று பேசிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம். அந்தப் பேச்சை வருஷக்கணக்கில் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள் அதற்கப்புறம் என் மண்டிப் பக்கம் வரவில்லை. நான் தேடவும் இல்லை.

இந்த வருஷம் அரியலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் செயலாளர் ராஜராஜன் நன்கொடைக்கு வந்தார். பொய்ச் செய்தியிலிருந்து ஜனநாயகத்தைக் காப்பாற்ற மாணவர்கள் குழு குழுவாகப் புதுசு புதுசாக வழி கண்டுபிடிக்கிற போட்டியாம். "முதல் பரிசு உங்க பேர்ல இருக்கட்டும்யா, நீங்கதான் சிறப்பு விருந்தினர்" என்றார். இருபத்தஞ்சாயிரத்தை எண்ணி வைத்தேன். மூணாம் வகுப்புக்காரன் காலேஜ் மேடையில் உட்காரப் போகிறான், விடுவேனா? சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து காரில் போய் இறங்கினால், வாசலில் என் படம் போட்ட பேனர் என்னைவிடப் பெரிசு.

பதினோரு குழு. ஒரு குழு போனில் பொய் வந்தால் சிவப்பு எரிகிற மாதிரி செய்திருந்தது. ஒரு குழு தெருக்கூத்துப் போட்டது. எனக்குப் போர்த்திய சால்வை கதகதவென்று இருந்தது, கண் சொக்கியது. ஏழாவதாக மூணு பேர் வந்தார்கள். முன்னால் நின்ற பெண் பேர் தமிழ்மொழி என்றார்கள். கூட ஒரு பெண், பிரசாத் என்று ஒரு பையன்.

"ஒரு கிராமத்துல, ஒரு வார்டு எலெக்‌ஷன்ல, ஒரு பொய் எப்படிப் போச்சுன்னு வீடு வீடாப் போயி விசாரிச்சோம்" என்றாள் அந்தப் பெண். "யார்கிட்ட கேட்டீங்க, அவங்க யார்கிட்ட கேட்டாங்கன்னு பின்னாடியே நடந்தோம். ஒருத்தர் போன்ல அந்தப் பேச்சு இன்னும் அழியாம இருந்துச்சு. பேசினவர் பேரை வெட்டிட்டோம். குரலையும் மாத்தியிருக்கோம்."

போட்டார்கள். வாத்து கத்துகிற மாதிரி ஒரு குரல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

வாத்து சொன்னது: "முதல் ரகம் நூத்திப் பத்து. ரெண்டாம் ரகம் எண்பத்தஞ்சு. பொடி நாப்பது."

என் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த விலை எனக்குத் தெரியும். பொடி விலையைக் கடைசியில் சொல்கிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். அடுத்தது என்ன வரப்போகிறது என்றும் தெரிந்தது. நிறுத்தச் சொல்லாமல் உட்கார்ந்தே இருந்தேன். "நாலாவது வார்டு ஜனங்க கேட்டுக்கோங்க" என்றது வாத்து. சபை மறுபடி சிரித்தது.

திரையில் ஒரே ஒரு புள்ளியைக் காட்டினார்கள். அதிலிருந்து கோடு கோடாகப் பிரிந்து, ஏழு மணிக்கு ஓட்டுச்சாவடி திறப்பதற்குள் திரை பூராவும் புள்ளி. எறும்புப் புற்றை மிதித்த மாதிரி இருந்தது. அந்த வார்டில் முப்பத்து நாலு பேர், இதைக் கேட்டுத்தான் ஓட்டை மாற்றிக் குத்தினோம் என்று சொன்னார்களாம். முப்பத்து நாலு. அவள் தோற்றது ஒன்பதில். இந்தக் கணக்குக்கு எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

"அந்த அம்மா விலகவே இல்லைன்னு வேட்பாளர் பட்டியலைக் கொண்டு போயிக் காட்டினோம், நம்பல. வீடியோ எடுத்துக் காட்டினோம், நம்பல. வேற யார் சொன்னா நம்புவீங்கன்னு கேட்டோம். விலை சொல்றவரு சொன்னா நம்புவோம்னாங்க. எங்க யோசனை இதுதான். ஊருக்கு ஊரு இப்படி ஜனங்க நம்புற குரல் இருக்கு. பால் சொசைட்டிக்காரர், ரேஷன் கடைக்காரர், விலை சொல்றவர். எலெக்‌ஷன் நேரத்துல யாரைப் பத்திப் பேசுறதா இருந்தாலும் அந்த ஆளுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் அனுப்புறதுன்னு அவங்களை ஒண்ணா ஒத்துக்க வைக்கணும். தப்பாப் போயிட்டா, அதே குரல், அதே நேரத்துல, அதே இடத்துல திருத்திச் சொல்லணும்."

சென்னையிலிருந்து வந்த நடுவர் கேட்டார். "நல்லா இருக்கும்மா. செஞ்சு பார்த்தீங்களா?"

"இல்ல சார். அந்தக் குரல் இன்னும் பேசல."

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

சிவப்பு எரிகிற போன் செய்த குழுவுக்குப் பரிசு. நான் கொடுத்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். காலிச் சாக்கு உதறியது, முதல் லாரி வாங்கியது என்று என் வாய் தானாகப் பேசியது. என்ன பேசினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். பிள்ளைகள் சமோசா வாங்க வரிசையில் நின்றார்கள்.

"பாப்பா, நீ யார் மக?"

"சிந்தாமணி மகங்க."

தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"எனக்கு அப்ப பதினாலு வயசு. டெங்கு. ரெண்டு நாள் அரியலூர் பெரியாஸ்பத்திரியில அம்மா என்கூட இருந்துச்சு. அந்த ரெண்டு நாள்தான் அம்மா ஊர்ல இல்ல." குரலை உயர்த்தவே இல்லை அவள். "உங்களை அவமானப்படுத்த வரலைங்க. பேனரைப் பார்த்துட்டுத்தான் அவசர அவசரமாக் குரலை மாத்தினோம். எங்க கோடு உங்ககிட்ட வந்து நின்னுடுச்சு. உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

"அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்துச்சு, கூலி கேக்க வந்த அன்னைக்கு. எல்லாரும் சிரிச்சீங்களாம்." வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். "அம்மாவே கூலிய அமுக்கிட்டதா அத்தைங்க எல்லாம் வூட்டு வாசல்ல வந்து கத்துனாங்க. நோட்டீஸுக்குக் கொடுத்த நூறையும் திருப்பிக் கேட்டாங்க. அம்மா காதுத் தோட்டை அடகு வச்சு எல்லாத்தையும் கொடுத்துச்சு. மீட்க முடியாம தோடு மூழ்கிப் போச்சு. கொடுத்ததைப் பார்த்துட்டு, நாப்பதாயிரத்துலேருந்துதான் கொடுக்குறான்னு பேசினாங்க. அதுக்கப்புறம் அம்மா கூப்பிட்டா வேலைக்கு ஒருத்தரும் வரல."

காரில் வரும்போது டிரைவர் ரெண்டுதரம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வீட்டில் என் சம்சாரம் பெரியம்மாள் சால்வையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அஞ்சு லாரி கணக்கு தலையில நிக்குது, பன்னண்டு பொம்பளை கூலி நிக்கலையா?" என்றாள். "அன்னைக்கே கேட்டேன், அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களான்னு. 'எனக்குத் தெரியாததா'ன்னீங்க. இப்ப என்ன தெரிஞ்சுது?"

மறுநாள் சிந்தாமணியைத் தேடிப் போனேன். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறாள் என்றார்கள். தெரியாத ஊர் ஆட்களோடு சேர்ந்து, டவுன் பஸ் ஏறிப் போகிறாளாம். ஒரு லட்சம் ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். கரும்புச் சோகைக்கு நடுவில் நிமிர்ந்தாள். தோடு இருந்த காதில் ஈர்க்குச்சி. எனக்கு அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்ன முதலாளி, கரும்பு வியாபாரத்துல இறங்கிட்டீங்களா?"

"சிந்தாமணி, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்." இந்த வார்த்தையை எழுபத்தொரு வயசில் முதல்தரம் சொல்கிறேன். பையை நீட்டினேன். "லட்சம் இருக்கு. வாங்கிக்க."

அவள் கை அரிவாளை விடவில்லை. "இதை இப்ப வாங்கினா, அன்னைக்கு நாப்பதாயிரம், இன்னைக்கு லட்சம்னு ஊரு சொல்லும். எடுத்துட்டுப் போங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"காலையில விலை சொல்லுவீங்கல்ல, அப்பச் சொல்லுங்க. ஆனா விலைக்கு முன்னாடி சொல்லணும்."

"ஏன் முன்னாடி?"

"பொய்யின்னா கடைசி வரைக்கும் காதைக் கொடுப்பாங்க. நெசம்னா விலையைக் கேட்டுட்டு மூடிடுவாங்க."

மறுநாள் அஞ்சரை. போனைப் பிடித்தேன். பழக்கதோஷம், "முதல் ரகம்" என்று வந்துவிட்டது. அழித்தேன். ரெண்டாவது தரம் என் பேரைச் சொன்னதோடு நிறுத்தி, அழித்தேன். மூணாவது தரம் "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து பெரியம்மாள், "சின்ன விஷயமா?" என்றாள். அதையும் அழித்தேன். நாலாவது தரம் சொன்னேன்.

"அங்கமுத்து பேசுறேன். விலை இப்ப சொல்ல மாட்டேன், இதைக் கேளுங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டன்னைக்குக் காலையில, சிந்தாமணி காசு வாங்கிட்டு விலகிட்டான்னு இதே குரல்ல சொன்னேன். அது பொய். கிருஷ்ணமூர்த்தி சொன்னான், நான் விசாரிக்காம சொன்னேன். அவ ஒத்தை ரூபாய் வாங்கல, விலகவும் இல்ல. மகளுக்கு டெங்குன்னு ஆஸ்பத்திரியில இருந்தா. பன்னண்டு பேர் கூலிய அவ அமுக்கல, நான்தான் கொடுக்கல. அவ தோட்டை அடகு வச்சுக் கொடுத்தா. சனிக்கிழமை மண்டிக்கு வாங்க, உங்க முன்னாடி அவகிட்ட கொடுக்குறேன்." அப்புறம்தான் விலை சொன்னேன்.

அஞ்சு நிமிஷம் போனது. அப்புறம் ஒருத்தன் கேட்டிருந்தான்: "அப்ப நீங்க சொன்ன விலையெல்லாம் நெசமாண்ணே?" பிள்ளைக்குச் சூடு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. நாப்பது வருஷம் சேர்த்த பேர். அன்றைக்கு மூணு லோடு வேறு மண்டிக்குப் போனது. கிருஷ்ணமூர்த்தி போன் போட்டு, "நான் கேட்டதைத்தானே சொன்னேன், நீங்க ஏன் ஊருக்கெல்லாம் சொன்னீங்க?" என்று சண்டை பிடித்தான்.

சனிக்கிழமை ஒன்பது பொம்பளைகள் வந்தார்கள். ஒருத்தி செத்துப்போயிருந்தாள், ரெண்டு பேர் திருப்பூரில். சிந்தாமணி வந்தபோது தமிழ்மொழியும் கூட வந்தாள், கையில் நோட்டு. யார் யார் இப்போது நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வந்திருந்தாள்.

அவர்களில் மூத்தவள் அம்பிகா. அன்றைக்குச் சிந்தாமணி வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள். அவள்தான் முதலில் பேசினாள். "ஏண்டி, தோட்டை அடகு வச்சது எங்களுக்கா? சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி."

"சொன்னேன்டி. நீ விலை கேட்டுக்கிட்டு இருந்த."

அம்பிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அப்புறம், "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வேலைக்கு வரணும், அதைச் சொல்லு" என்றாள். மற்றவர்களும் சிந்தாமணி முகத்தைத்தான் பார்த்தார்கள், என் முகத்தை இல்லை.

"ஆறு மணிக்கு" என்றாள் சிந்தாமணி. "தராசுக்கு அடியில முதல்ல பார்த்துட்டுத்தான் உக்காரணும்."

நான் பெட்டியைத் திறந்தேன். "ஆறு வருஷ வட்டி, தோட்டு விலை, எல்லாம் சேர்த்து…"

"முதலாளி, தோட்டுக் கணக்கைத் தனியாப் பேசிக்கலாம். இன்னைக்கு நாலாயிரத்து எண்ணூறு. ஒரு ரூபாய் கூட இருந்தாலும் வாங்க மாட்டேன். சத்தமா எண்ணுங்க, விலை சொல்ற மாதிரி."

கையை நீட்டினாள். கரும்புச் சோகை கிழித்த கோடு உள்ளங்கை பூராவும். ஐநூறு ரூபாய் நோட்டை ஒவ்வொன்றாக வைத்தேன். ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு. அஞ்சாவது நோட்டில் என் குரல் உடைந்தது. ஒன்பது பொம்பளைகளும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாலாயிரத்து ஐநூறு. அப்புறம் நூறு ரூபாய்த் தாள். நாலாயிரத்து அறுநூறு, நாலாயிரத்து எழுநூறு. கடைசித் தாளை அவள் உள்ளங்கையில் வைத்து, ஐநூறு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: நாலாயிரத்து எண்ணூறு.